ஒரு பெட்டிக்கு நான்கு பூட்டு

காவல் நிலையத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட ஆறு வயது மூத்த இன்ஸ்பெக்டரே அப்படிக் கூப்பிடும்போது மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா! வெளியே, மற்ற அலுவலகங்களில், அவளுக்கு வேறு பெயர்: நச்சரிப்பு. "நச்சரிப்பு வருது" என்று வாசலிலிருந்து யாராவது குரல் கொடுத்தால் நகராட்சியில் பாதி நாற்காலி காலியாகிவிடும். ஆட்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள். அக்கா அசரமாட்டாள். நேரே டீக்கடைக்கே போய், தனக்கும் ஒன்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

தலைமைக் காவலர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். திருடனை விரட்டிப் பிடித்த கதை, துப்பாக்கியை நீட்டிய கதை எதுவும் அவளிடம் கிடையாது, கேட்டால் சிரிப்பாள். எந்த மேசைக்கும் சேராத வேலை வந்தால் அதை அக்கா தலையில் கட்டு என்பது அந்த நிலையத்தின் எழுதாத சட்டம். பக்கத்து வீட்டு நாய்ச் சண்டை, பள்ளிக்கூட வாசலில் நெரிசல், தண்ணீர்க் குழாயடித் தகராறு எல்லாம் அவளுடையது. அப்படி அவள் தலையில் வந்து விழுந்ததுதான் சுரங்கப்பாதை.

ரயில் பாதைக்கு அடியில் அறுபது மீட்டர் நீளம். இந்தப் பக்கம் வீடுகள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் நிலையம். நடுப்பகலிலேயே உள்ளே பாதி இருட்டு. விளக்குகள் இருந்தன, மழைத் தண்ணீரை இறைக்க ஒரு மோட்டாரும் இருந்தது. இரண்டுக்கும் சுவிட்ச், வாசல் சுவரில் இருந்த ஓர் இரும்புப் பெட்டிக்குள். இருந்து என்ன பிரயோஜனம்? மேலே ஓடும் தண்டவாளம் ரயில்வேக்குச் சொந்தம். கீழே தரையும் சாக்கடையும் நகராட்சிக்கு. விளக்கும் கம்பியும் மின்சாரத் துறைக்கு. உள்ளே நடக்கும் திருட்டு மட்டும் போலீசுக்கு. சுவர் யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு விளக்கு எரியவில்லை என்று மனுக் கொடுத்தால் அது நான்கு அலுவலகங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "தக்க நடவடிக்கைக்காக" என்ற முத்திரையோடு கொடுத்தவரிடமே திரும்பி வந்து சேரும். ஒவ்வொரு அலுவலகத்திலும் அனுப்பிய அன்றே "முடிந்தது" என்று எழுதிக்கொண்டுவிடுவார்கள். அடுத்தவருக்குத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். என்ன ஒரு சாமர்த்தியம்!

ஒரு மாலை ஆறு மணிக்கு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் பெண்ணின் கைப்பையைச் சுரங்கப்பாதைக்குள் பறித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணைச் சீட்டம்மா என்பார்கள். சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலி. தினமும் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு சுரங்கப்பாதைச் சரிவில் இறங்கி ஏறி வேலைக்குப் போகிறவள். அந்த ஆண்டில் அது நான்காவது பறிப்பு. மேலிடத்துக்குப் பொறுமை போய்விட்டது. பொதுமக்கள் பாதுகாப்பு கருதிப் பாதையை இரு பக்கமும் சுவர் வைத்து மூடிவிடலாம் என்று உத்தரவு தயாரானது. மறு வாரமே வாசலில் செங்கல் வந்து இறங்கிவிட்டது. விளக்கு போட ஆள் வராத இடத்துக்குச் செங்கல் மட்டும் எவ்வளவு வேகமாக வருகிறது பாருங்கள்.

அக்கா ஆஸ்பத்திரிக் கவுண்டருக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். சீட்டம்மா சீட்டு எழுதுவதை நிறுத்தவே இல்லை.

"பையைத் திருடினவன் பையை மட்டும்தான்கா எடுத்தான். நீங்க வழியையே எடுக்கிறீங்க. படியேறிப் பாலத்து மேல போக எனக்கு முடியாது. சுத்திப் போனா நாலு கிலோமீட்டர். வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காரணும். அதுக்குப் பேரு பாதுகாப்பா?"

திரும்பி வரும் வழியெல்லாம் அக்காவுக்கு முகம் சுட்டது. சீட்டம்மா மட்டுமா? பாதையை மூடினால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நர்சுகளும் நான்கு கிலோமீட்டர் சுற்றவா போகிறார்கள்? தண்டவாளத்தின் மேலே ஏறித்தான் குறுக்கே போவார்கள். அன்றைக்கே இன்ஸ்பெக்டர் அறைக்குள் போய் நின்றாள்.

"சார், மூணு மாசம் வாங்கிக் குடுங்க."

"அக்கா, நாலு டிபார்ட்மெண்ட். நாலும் நாலு திசை. உங்களால ஒரு பக்கமா திருப்ப முடியுமா?"

"முடியலன்னா முதல் செங்கல்லை நானே எடுத்து வைக்கிறேன் சார்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனாலும் எழுதினார். தொண்ணூறு நாள் கிடைத்தது. அதற்குள் இன்னொரு பறிப்பு நடந்தாலோ, தண்டவாளத்தில் யாராவது ரயிலில் அடிபட்டாலோ சுவர் நிச்சயம். தொண்ணூறாம் நாள் பெரிய அதிகாரியே நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார்.

முதல் கூட்டுக் கூட்டம் நகராட்சி மாடியில் நடந்தது. நீள மேசை, பூப்போட்ட விரிப்பு, நாற்காலிக்கு முன்னால் ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். நான்கு துறை அதிகாரிகளும் உட்கார்ந்தார்கள். சுரங்கப்பாதையில் உண்மையில் கை வைத்து வேலை செய்கிற மூன்று பேர் சுவரோரமாக நின்றார்கள்: ஸ்டேஷன் மாஸ்டர், லைன்மேன், துப்புரவு ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி. ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பாதி வழியில் ஒரு நாற்காலி வந்தது. மற்ற இருவருக்கும் கடைசிவரை வரவில்லை. இரண்டரை மணி நேரம் பேசினார்கள். அந்த மூவரில் ஒருவரையும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. முடிவில் தீர்மானம் எழுதும் வேலை வழக்கம்போல அக்காவிடம் வந்தது. அவள் அழகான கையெழுத்தில் எழுதினாள்: "சுவிட்ச் பெட்டியின் பாதுகாப்புக்கு நான்கு துறைகளும் கூட்டாகப் பொறுப்பு." எல்லோரும் தலையாட்டினார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டியில் நான்கு பூட்டுகள் தொங்கின!

ஆமாம், நான்கு. கூட்டுப் பொறுப்பு என்றால் ஆளுக்கொரு பூட்டு என்று நான்கு துறையும் புரிந்துகொண்டிருந்தன. பழைய கொண்டி போதவில்லை என்று புதிதாக மூன்று கொண்டிகளை வெல்டிங் வேறு வைத்திருந்தார்கள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால் அந்த நான்கில் ஒன்று அக்காவே முந்தின நாள் மாலையில் வாங்கிப் போட்டது. மற்றவர்கள் போடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் போட்டாள். நான்கு சாவியும் ஒன்றாக வந்து நின்றால்தான் இனி ஒரு விளக்கு எரியும்.

பகலில் மூவரையும் கெஞ்சிக் கூட்டி வந்து எப்படியோ விளக்கைப் போட்டுவிட்டாள். பன்னிரண்டாம் நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் ஒரு தடவை போய் வந்ததில் சுவிட்ச் விழுந்து விளக்குகள் அணைந்தன, மோட்டார் ஓடவில்லை. அக்கா ஓடி வந்து தன் பூட்டைத் திறந்தாள். மற்ற மூன்றும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. லைன்மேன் ஊருக்கு வெளியே ஒரு கம்பத்தின் மேல் இருந்தார். நகராட்சிச் சாவி மேசை இழுப்பறைக்குள், அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் வந்து, "என் பூட்டைத் திறக்கிறேன், ஆனா ரெண்டு திறந்து என்ன செய்றது?" என்றார். நியாயமான கேள்வி. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சரிவின் மேலே சீட்டம்மா ஒன்றே முக்கால் மணி நேரம் மழைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காத்திருக்கப் பொறுமையில்லாத ஆட்கள் தண்டவாளத்தின் மேல் ஏறிப் போனார்கள். ஒரு கல்லூரிப் பெண் ஜல்லியில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். ரயில் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இல்லையென்றால் தொண்ணூறு நாளாவது ஒன்றாவது!

அக்கா அன்று வீட்டுக்கு வந்து ஈரச் சீருடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறையில்தான் மெஷின். பேச்சுக் குறைவு; மனைவி பேசுவது இரண்டு பேருக்கும் போதும் என்று விட்டுவிட்டவர்.

"நான் எழுதின தீர்மானங்க. நானே போட்ட பூட்டு. அந்தப் பொண்ணு மழையில உக்காந்திருந்தது என்னாலதான்."

அவருக்கு ஒரு துணியைப் பிடித்து வைக்க ஊக்கு வேண்டியிருந்தது. மெஷின் பக்கத்து ஆணியில் அவர் ஊக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து வளையமாக மாட்டி வைத்திருப்பார். நடுவில் ஏதோ ஓர் ஊக்கைத் திறந்தார். வளையம் மொத்தமும் கழன்று தரையில் விழுந்தது.

"பாத்து எடுக்கக்கூடாதா?" என்று குனிந்த அக்கா, குனிந்தபடியே நின்றுவிட்டாள். பிறகு ஊக்குகளை மறுபடி வளையமாகக் கோத்தாள். வேறோர் ஊக்கைத் திறந்தாள். அப்போதும் கழன்றது. இன்னொன்று. அப்போதும்தான்.

"என்னங்க, எதைத் திறந்தாலும் கழலுதே!"

"ஊக்குன்னா அப்படித்தான். இத்தனை வருஷமா பாக்கலையா?" என்றார் அவர்.

மறுநாள் மூவரையும் சாவியோடு கூட்டி வந்து, பெட்டியில் புதிதாக வைத்த மூன்று கொண்டிகளையும் அறுத்துப்போட்டு, மிஞ்சிய ஒன்றில் ஒரு சிறு சங்கிலியை விட்டு, சங்கிலியின் இரண்டு முனைகளையும் நான்கு பூட்டுகளால் இணைத்தாள். ஒரு பூட்டின் வளையத்துக்குள் அடுத்த பூட்டு, அதற்குள் அடுத்தது. நான்கு துறைக்கும் அவரவர் பூட்டு அப்படியே இருக்கும். மானம் மரியாதைக்குக் குறைவில்லை. யாராவது ஒருவர் தன் பூட்டைத் திறந்தாலே போதும், பெட்டி திறந்துவிடும்.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிடுமா? பூட்டைக் கோத்தது அரை மணி நேரம், ஆட்களைக் கோக்கத்தான் ஒரு மாதம் பிடித்தது. இனிக் கூட்டம் மாடியில் கிடையாது, சுரங்கப்பாதை வாசலில்தான் என்று அக்கா சொல்லிவிட்டாள். அங்கே நாற்காலியே இல்லை, எல்லோரும் நின்றுதான் ஆகவேண்டும். இருந்த ஒரே நாற்காலி சீட்டம்மாவுடையது. அதிகாரிகள் முதல் கூட்டத்துக்கு வந்து இருபது நிமிடத்தில் கால் வலிக்கிறது என்று கிளம்பினார்கள். நல்லதாகப் போயிற்று. மூன்று பேரும் வாயைத் திறந்தார்கள்.

லைன்மேன்தான் முதலில் குதித்தார். "என் பூட்டு இல்லாம யாரோ திறந்து, ஈரக் கையோட தொட்டு, ஷாக் அடிச்சா என் வேலைதானே போகும்?"

"அப்ப எப்படித் தொடணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள் அக்கா. அவருக்கு அது பிடித்துப்போனது. ரப்பர் கையுறையும் மரப்பலகையும் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்து, எல்லோரையும் ஏழெட்டுத் தடவை போட்டு அணைக்க வைத்தார். ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கை நடுங்கியபோது, "பரவால்ல சார், நானும் முதல் நாள் நடுங்கினேன்" என்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் ரூல் புத்தகத்தைக் காட்டினார். "என் எல்லை மேலதான். கீழ இறங்கினா இடிக்குது."

"கீழ தண்ணி நின்னா ஜனம் மேல ஏறி உங்க எல்லைக்குத்தானே சார் வருது?"

அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

மேஸ்திரி கடைசிவரை பேசவில்லை. அக்கா விடுவாளா? நச்சரித்தாள். "பை பறிக்கிறவங்க யாருன்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும். ரெண்டு பேரு. சாயங்காலம் அந்த மூலையில பீடி குடிச்சிக்கிட்டு நிப்பாங்க. தினமும் நாங்கதானே கூட்டுறோம்" என்றார் மேஸ்திரி சாதாரணமாக.

"ஐயோ, இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா."

அந்த வாரமே இருவரும் அகப்பட்டார்கள். இன்ஸ்பெக்டர் பாராட்டுக் கடிதத்தில் மேஸ்திரியின் பெயரை எழுத வேண்டும் என்று அக்கா அடம்பிடித்தாள். அவரும் எழுதினார். மேஸ்திரி அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டினார். அதைப் பார்க்க அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மிச்சம் இருந்தது கையெழுத்து. யார் பெட்டியைத் திறந்தாலும் அவர் மேல் நடவடிக்கை கிடையாது என்று நான்கு அதிகாரிகளும் எழுதிக் கொடுத்தால்தான் கீழே இருப்பவர்கள் பயமில்லாமல் கை வைப்பார்கள். கடிதத்தோடு பதினொரு நாள் நடந்தாள். ஒவ்வொருவரும், "மத்தவங்க போடட்டும், கடைசியா நான் போடறேன்" என்றார்கள். நான்கு பேரும் கடைசி என்றால் முதல் யார்? அக்கா கடிதத்தை மாற்றி எழுதினாள். தாளின் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, வாசகத்தை உள்ளே எழுதி, கையெழுத்து இடத்தை வட்டத்தைச் சுற்றி வைத்தாள். "சார், இதுல முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது." சிரித்துக்கொண்டே போட்டார்கள். ஒருவர் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போட்டார்.

அதற்குப் பிறகும் எல்லாம் சீராக ஓடியது என்று சொன்னால் பொய். இரண்டு முறை விளக்குப் போட மறந்தார்கள். ஒரு முறை லைன்மேனும் மேஸ்திரியும் கைகலப்பு வரைக்கும் போனார்கள். ஒவ்வொரு தடவையும் அக்காவின் போன்தான் அடித்தது. மோட்டார் முனகினால் அக்கா, மேகம் கறுத்தால் அக்கா. அவள் சொல்லாமல் ஒரு சுவிட்ச் அசையவில்லை. ஒரு பக்கம் அலுப்பு. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

தொண்ணூறாம் நாள் வந்தது. பெரிய அதிகாரி பதினொரு மணிக்கு வருகிறார். அக்காவுக்கோ அன்றைக்கென்று கோர்ட்டில் சாட்சி. ஐந்து வருடத்துக்கு முந்தைய வழக்கு, தள்ளிப்போட முடியாது. போனை அணைத்து வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே உட்கார வேண்டும். ஒன்பது மணிக்கு அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். ஒன்பதேகாலுக்குக் கூரைத் தகரத்தில் மழை இறங்கியது.

சாதாரண மழையா அது! பக்கத்தில் இருந்தவர் பேசியதுகூடக் கேட்கவில்லை. அக்கா கையைப் பிசைந்தாள். யாராவது பெட்டியைத் திறந்தார்களா? மோட்டார் எடுத்ததா? தன்னைக் கூப்பிட்டு, கிடைக்கவில்லை என்று மூவரும் முழித்துக்கொண்டு நிற்கிறார்களா? முழங்கால் தண்ணீரில் அதிகாரி நின்று பார்த்தால் சுவர்தான். சீட்டம்மா வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். சாட்சிக் கூண்டில் ஏறியபோது தன் வயதையே தவறாகச் சொன்னாள்.

வெளியே வரும்போது பன்னிரண்டரை. போனை வாங்கிப் பார்த்தாள். ஓர் அழைப்புக்கூட வரவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, அதைச் சொல்ல மனமில்லாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். கிடைத்த பஸ்ஸில் ஏறி, நிறுத்தத்தில் இறங்கி, சேற்றில் ஓட்டமும் நடையுமாகச் சரிவில் இறங்கினாள்.

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தரை ஈரம், ஆனால் தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே அந்தப் பக்கம் போனார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றார். மேஸ்திரி கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். லைன்மேன் பெட்டியைச் சாத்திக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்த சீட்டம்மா நாற்காலியில் உட்கார்ந்து அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு? வந்தாரா? என்ன சொன்னாரு?" மூச்சு வாங்கியது அக்காவுக்கு.

"வந்தாரு, போனாரு" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "சுவர் வேண்டாம்னுட்டாரு. நாளைக்குச் செங்கல்லை அள்ளிட்டுப் போறாங்க."

தூறல் ஆரம்பித்தபோதே அவர் இறங்கி வந்து தன் பூட்டைத் திறந்திருக்கிறார். மோட்டார் ஓடியும் தண்ணீர் இறங்கவில்லை என்றதும் மேஸ்திரிக்குச் சொல்லி, அவர் இடுப்பளவு இறங்கிக் குழாய் வாயை அடைத்த பிளாஸ்டிக்கைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். நடுவில் மோட்டார் நின்றதும் லைன்மேன் ஓடி வந்திருக்கிறார். பதினொரு மணிக்கு அதிகாரி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஷூ நனையாமல் நடந்து, இதற்காகவே ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு எதிரே வந்த சீட்டம்மாவிடம் நின்று பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"இதையெல்லாம் யார் பாத்துக்கிறாங்கன்னு கேட்டாருக்கா" என்றாள் சீட்டம்மா. "மூணு பேரும் 'நாங்க'ன்னு சொன்னாங்க."

அக்கா கையிலிருந்த போனை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கேட்டாள். "எனக்கு ஏன் ஒரு போன்கூட பண்ணல?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட, ஆமாம்ல!" என்றார் லைன்மேன். "உங்களைக் கூப்பிடணும்னு தோணவே இல்லைக்கா. சுத்தமா மறந்தே போச்சு." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்காவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். தொண்ணூறு நாள் தேய்ந்த செருப்பு, கேட்ட பேச்சு, குடித்த டீ எல்லாம் கண்முன் வந்தன. அப்புறம் அவள் அந்த மூவரையும் நன்றாகப் பார்த்தாள். சேறு அப்பிய கால்கள். மூன்று வேறு வேறு சீருடைகள். மோட்டார் பற்றி ஸ்டேஷன் மாஸ்டர் லைன்மேனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்!

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே அவள் குரல் முன்னறையை நிறைத்தது. கணவர் மெஷினை நிறுத்தினார்.

"பெரிய ஆபீசர் உன்னைப் பாராட்டினாரா?"

"என் பேரே அவருக்குத் தெரியாதுங்க."

"ஏன், உன் ஆளுங்க சொல்லலையா?"

"எங்க சொல்றது? நான் ஒருத்தி இருக்கேன்கிறதே அவங்களுக்கு ஞாபகம் இல்ல. அவ்வளவு மழையில, நாலு மணி நேரம், ஒருத்தருக்கும் ஞாபகம் வரல!"

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. பெருமையில தொண்டை அடைச்சுக்கிச்சு" என்றாள் அக்கா.